திரைக்குப் பின்னால் ஒரு கேள்வி

ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் விசைத்தறிகள் பேண்டேஜ் துணி நெய்கின்றன. அந்தத் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இழைகளுக்கு இடையே அத்தனையும் கண்கள். அவற்றின் வழியே காற்று தாராளமாகப் போய்வரும். காற்று போகும் வழியில் ஒலியும் போகும். காற்றின் அதிர்வுதானே ஒலி?

மருத்துவமனைக் கட்டிலைச் சுற்றித் தொங்கும் திரை இதைவிடக் கனம்தான். ஆனாலும் அது மறைப்பது கண்ணுக்கு மட்டுமே. இந்தப் பக்கத்து மருத்துவமனை ஒன்றுக்கு அத்தையை அழைத்துப் போயிருந்தேன். டாக்டர் திரையை இழுத்துவிட்டு, "தீட்டு நின்னு எத்தனை வருஷமாச்சும்மா? இப்பவும் ரத்தம் படுதா?" என்று கேட்டார். வெளியே பெஞ்சில் பத்துப் பேர். "அதெல்லாம் இல்லைங்க" என்றார் அத்தை. வீட்டில் எங்களிடம் சொன்னது வேறு. கூச்சத்தில் விழுங்கிய அந்த ஒரு பதில் சிகிச்சையையே திசைமாற்றிவிடும்.

ஒலியைத் தடுப்பது கனம். சுவரின் எடை இரு மடங்கானால், கடந்து போகும் ஒலி சுமார் 6 டெசிபல் குறையும். ஆனால் எவ்வளவு கனமான சுவரானாலும், பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும். 20 டெசிபலுக்கு மேல் தடுக்காது. சாதாரணப் பேச்சு சுமார் 60 டெசிபல். மிச்சம் 40, அமைதியான கூடத்தில் தெளிவாகவே கேட்கும். நம் ஊர்த் தடுப்புகளோ தலைக்கு மேல் ஓர் ஆள் உயரம் திறந்தே கிடக்கின்றன!

இன்னொரு விந்தை. பேச்சில் உரத்து ஒலிப்பவை உயிரெழுத்துகள். சொல்லை அடையாளம் காட்டுபவை பெரும்பாலும் மெல்லிய மெய்கள். 'கல்', 'பல்' இரண்டையும் பிரிப்பது அந்த முதல் மெய்தான். மின்விசிறியின் சீரான இரைச்சல் அந்த மெய்களை மூழ்கடித்துவிடும். குரல் கேட்கும், சொல் புரியாது. கரண்ட் போனதும் திரைக்குள் பேசுவது கூடம் முழுக்கக் கேட்பது இதனால்தான். தறி ஓடும்போது பக்கத்தில் நிற்பவர் பேச்சே புரியாததும் இதே கணக்கு. வெளிநாட்டு மருத்துவமனைகள் சிலவற்றில் இதற்கென்றே கூரைக்குள் ஒலிபெருக்கி வைத்து மென்மையான இரைச்சலைப் பரப்புகிறார்கள்.

நோயாளியின் ரகசியத்தைக் காக்கச் சொல்கின்றன மருத்துவர்களுக்கான 2002 நடத்தை விதிகள். டாக்டர் வாய் திறக்காமல் இருக்கலாம், தடுப்பு திறந்திருக்கிறதே!

ராஜபாளையத்திலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் புதிதாக மருத்துவமனை கட்டுகிறவர்களே, ஆலோசனை அறையின் சுவரைக் கூரைவரை எழுப்புங்கள். கதவின் அடி இடுக்கை ரப்பர் பட்டையால் அடையுங்கள். காத்திருப்போர் பெஞ்சைக் கதவோரத்திலிருந்து தள்ளிப் போடுங்கள்.