கல்லாவில் தூங்கும் காது மிஷின்கள்



நமது இதழில் வரி, எடையளவு, உணவுப் பாதுகாப்புச் சட்டம் என்று எத்தனையோ விஷயங்கள் வருகின்றன. இந்த மாதம் காதைப் பற்றி எழுத அனுமதி வேண்டுகிறேன். கடைக்கும் காதுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

எனது மண்டியில் முப்பது வருடமாகச் சரக்கு எடுத்து வந்தார் ஒரு கிராமத்துக் கடைக்காரர். என்னைவிட எட்டு வயது மூத்தவர். அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவேன். பற்று வரவில் ஒரு பைசா தவறாதவர். 2023-ல் ஒரு நாள், துவரம் பருப்பு கிலோ நூற்று அறுபது என்று நான் சொன்னது அவர் காதில் நூற்று இருபது என்று விழுந்திருக்கிறது. இரண்டு மூட்டை போடச் சொன்னவர், சிட்டையைப் பார்த்ததும், "என்ன தம்பி, விலையை மாத்திட்டீங்க?" என்றார். எடைக்காரரும் லோடுமேன்களும் நிற்கும்போதே, "உங்களுக்குக் காது கேக்கலைன்னா அதுக்கு நான் என்ன செய்ய?" என்று சத்தம் போட்டுவிட்டேன். அவர் பதில் பேசவில்லை. பழைய பாக்கியை அன்றே தீர்த்துவிட்டுப் போனவர், அதன்பின் என் மண்டிப் படி ஏறவில்லை.

அடுத்த வருடமே என் காதும் மந்தமானது. டாக்டரிடம் காட்டி, பரிசோதனை செய்து, மிஷின் வாங்கினேன். மாட்டினால் 'கொய்ங்' என்று விசில் அடித்தது. மூன்று மாதம் கல்லாவில் கிடந்தது. பிறகு மகன் என்னைப் பிடிவாதமாக அழைத்துப் போனான். ஆடியாலஜிஸ்ட் எனப்படும் செவித்திறன் நிபுணர் பத்தே நிமிடத்தில் காரணத்தைக் காட்டினார். காதுக்குள் வைக்கும் அச்சை நான் சரியாக உட்கார வைக்கவில்லை. அவ்வளவுதான்!

ஏன் சொல் மாறிக் கேட்கிறது?

வயதானால் பெரும்பாலும் முதலில் குறைவது மெல்லிய, உயர்ந்த சுருதி ஒலிகளைக் கேட்கும் திறன். ச, த, ப போன்ற மெய்யொலிகள் தேய்ந்துவிடும், உயிரொலிகள் கேட்கும். ஆகவே பேசுவது கேட்கிறது, என்ன சொன்னார் என்பது மட்டும் புரிவதில்லை. இருபது, அறுபது, எழுபது, எண்பது எல்லாம் ஒரே மாதிரி முடிகின்றன. லாரி இரைச்சலுக்கு நடுவே முதல் எழுத்து தப்பினால் விலையே மாறிவிடும். 60 வயது கடந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இத்தகைய குறைபாடு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. நம் வாடிக்கையாளர்களிலும் நம்மிலும் எத்தனை பேர் என்று எண்ணிப் பாருங்கள். செவிடன் காதில் ஊதிய சங்கு என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். சத்தமாக ஊதுவதால் சொல் தெளிவாவதில்லை என்பதே உண்மை.

மிஷின் பழுதா, பராமரிப்புக் குறைவா?

மிஷின் வேலை செய்யவில்லை என்று ஒதுக்கி வைப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியவை இவை:

1. பேட்டரி: காது மிஷினுக்கான துத்தநாக-காற்று பேட்டரியின் மேல் ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதை உரித்தால் காற்று உள்ளே போய் வேலை தொடங்கும். உரித்தவுடன் போடாமல் ஒரு நிமிடம் விட்டுப் போடுவது நல்லது. பெருங்காய டப்பாவைத் திறந்தது போலத்தான். உரித்துவிட்டால், உபயோகித்தாலும் உபயோகிக்காவிட்டாலும் சக்தி குறைந்துகொண்டே போகும். எனவே தேவைப்படும்போது மட்டும் உரிக்கவும். அளவை ஸ்டிக்கர் நிறம் காட்டும்: 10 மஞ்சள், 312 பழுப்பு, 13 ஆரஞ்சு, 675 நீலம். காலாவதித் தேதி பார்த்து வாங்குவதை நமக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. இரவில் பேட்டரிக் கதவைத் திறந்து வைக்கவும். சார்ஜ் செய்யும் மிஷினுக்கு இவை பொருந்தாது.

2. அடைப்பு: அச்சின் துளையில் காதுக் குறும்பி அடைத்துக்கொண்டால் சத்தம் வராது. காதுக்குப் பின்னால் மாட்டும் வகையில், அச்சையும் குழாயையும் மிஷினிலிருந்து கழற்றி, வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவி, குழாயில் ஒரு சொட்டு நீரும் இல்லாமல் ஊதிக் காய வைத்து மாட்டலாம். மிஷினை மட்டும் தண்ணீரில் காட்டவே கூடாது. உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.

3. விசில்: அச்சு சரியாக உட்காதது, தளர்ந்து போனது, குழாய் வெடித்தது, காதில் குறும்பி சேர்ந்தது ஆகியவை காரணமாகலாம். அதே சமயம், மிஷினை உள்ளங்கையில் மூடும்போது விசில் அடித்தால் அதற்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். சில புதிய மிஷின்கள் விசிலை அடக்கிவிடும். அவற்றுக்கு இந்தச் சோதனை சரிவராது.

4. சுவிட்ச்: சில மாடல்களில் ஓ, டி, எம் என்று மூன்று நிலை உண்டு. 'எம்' என்பதுதான் பேச்சுக் கேட்க. 'டி'யில் இருந்தால் எதிரில் இருப்பவர் பேசுவது கேட்காது.

5. இடம் வலம்: சிவப்புக் குறி வலது காதுக்கு, நீலம் இடது காதுக்கு.

6. ஈரம்: வியர்வையும் மழைக்கால ஈரமும் மிஷினுக்குப் பகை. இரவில் ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வைக்கலாம். வெயிலில் காய வைக்கக் கூடாது.

நாங்கள் செய்வது

இவற்றைக் கற்றுக்கொண்டதும் அண்ணாச்சியின் நினைவு வந்தது. தயங்கித் தயங்கி அவர் கடைக்குப் போனேன். அரசு முகாமில் கொடுத்த இலவச மிஷின் அவர் கல்லாவிலும் தூங்கிக்கொண்டிருந்தது. துளை அடைத்திருந்தது, பேட்டரி தீர்ந்திருந்தது. சுத்தம் செய்து, புதுப் பேட்டரி போட்டு, மாட்டிவிட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்தவர், "துவரம் பருப்பு இன்னைக்கு என்ன விலை?" என்றார். சொன்னேன். அதைத் திருப்பிச் சொல்லி, "சரிதானே?" என்று கேட்டார். சரியாக இருந்தது. அன்றைக்குப் பேசியதற்காக மன்னிப்புக் கேட்டேன். "காபி சாப்பிடுங்க" என்றார். இன்றும் அவர் சரக்கு எடுப்பது வேறு இடத்தில்தான். அது அவர் உரிமை. மிஷினைக் காட்ட மட்டும் என்னிடம் வருகிறார்.

அதன்பின் எங்கள் தெரு வியாபாரிகள் நான்கு பேர், அதே நிபுணரிடம் ஒரு நாள் பயிற்சி பெற்று, மாதத்தின் முதல் ஞாயிறு காலை 10 முதல் 12 வரை உட்காருகிறோம். ஒரு மேஜை, நல்ல வெளிச்சம், மெல்லிய பிரஷ், காற்று ஊதும் ரப்பர் பந்து, பேட்டரி சோதிக்கும் கருவி ஆகியவையே முதலீடு. வருபவரின் கையாலேயே பேட்டரி மாற்றச் செய்கிறோம். நாமே மாற்றிக் கொடுத்தால் அடுத்த வாரம் மீண்டும் மிஷின் கல்லாவுக்குப் போய்விடும். புதிதாக மாட்டுபவர் முதலில் வீட்டில் அமைதியான நேரத்தில் ஒரு மணி நேரம் போட்டு, நாளுக்கு நாள் நேரத்தைக் கூட்ட வேண்டும். முதல் நாளே சந்தைக்கு வந்தால் இரைச்சலில் வெறுத்துவிடுவார்.

எங்கள் எல்லையும் எங்களுக்குத் தெரியும். காதுக்குள் எதையும் விட்டுச் சுத்தம் செய்வதில்லை. மிஷினின் சத்த அளவைத் திருத்துவதில்லை. வலி, சீழ், தலைசுற்றல் இருந்தால் டாக்டரிடம் அனுப்புகிறோம். திடீரென்று காது கேட்காமல் போனால் அன்றே போக வேண்டும். தீர்ந்த பேட்டரியைப் பேரக்குழந்தைகளுக்கு எட்டாமல் வைக்கச் சொல்கிறோம். குழந்தை விழுங்கிவிட்டால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும்.

வசதியில்லாதவர்களை மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்துக்கு வழி காட்டலாம். 60 வயது கடந்த ஏழை முதியோருக்காக 2017-ல் மத்திய அரசு தொடங்கிய ராஷ்ட்ரிய வயோஸ்ரீ திட்டத்திலும் காது மிஷின் உண்டு. விலைக்கு வாங்குவோர் கவனிக்க: காது மிஷினுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

மகமை போட்டுப் பள்ளிக்கூடம் கட்டிய சமூகம் நம்முடையது. இதற்கு மகமைகூட வேண்டாம், மாதம் இரண்டு மணி நேரம் போதும். அதுவும் முடியாதவர்கள், வயதான வாடிக்கையாளரிடம் முகம் பார்த்து நிதானமாகப் பேசி, விலையைக் கால்குலேட்டரில் அடித்துக் காட்டுங்கள். அன்று நான் அதைச் செய்திருந்தால் அண்ணாச்சி இன்றும் என் மண்டிக்கு வந்துகொண்டிருப்பார்.