பதினெட்டுக் குழிக்கு நூறு ஏக்கர்

கோல்ஃப் குழியின் குறுக்களவு நாலேகால் அங்குலம். கிட்டத்தட்ட ஒரு காபி டபரா. ஆனால் அப்படிப்பட்ட 18 குழிகளைத் தாராளமாக அமைக்க 100 ஏக்கருக்கு மேல் நிலம் வேண்டும். நிலமும் நீரும் பொன்னாகிவிட்ட பெங்களூரில் இந்தக் கணக்கு சற்று உறுத்தும்.

டென்னிஸைப் போல இதற்கு நிலையான ஆடுகள அளவு கிடையாது. நிலத்தின் மேடுபள்ளமே ஆடுகளம். ஒவ்வொரு 'ஹோலும்' ஒரு தனிப் பாதை. பந்தை முதலில் அடிக்கும் இடம் 'டீ'. நடுவே ஒட்ட வெட்டிய புல்வெளி 'ஃபேர்வே'. இரு புறமும் வளரவிட்ட புல் 'ரஃப்'. முடிவில் கம்பளம் போன்ற 'கிரீன்'. அதில் கொடி நட்ட குழி. வழிமறிக்க மணல் பள்ளங்கள், குட்டைகள், மரங்கள். தேர்ந்த ஆட்டக்காரருக்கு எத்தனை அடி போதும் என்பதே 'பார்'. தூரத்தைப் பொறுத்து 3, 4 அல்லது 5. பதினெட்டுக்கும் சேர்த்துப் பெரும்பாலும் 72.

வடிவமைப்பாளரின் சாமர்த்தியம் பாதைகளைக் கோப்பதில் இருக்கிறது. ஒரு கிரீனுக்குப் பக்கத்திலேயே அடுத்த டீ வரவேண்டும். கடைசிக் குழி கிளப் வாசலருகே முடியவேண்டும். ஒரு பாதையில் பறக்கும் பந்து அடுத்த பாதையில் நடப்பவர் தலையைப் பதம் பார்க்கக் கூடாது.

1876-ல் தொடங்கிய பெங்களூர் கோல்ஃப் கிளப், பிரிட்டிஷ் தீவுகளுக்கு வெளியே உள்ள மிகப் பழைய கிளப்களில் ஒன்று. ஹை கிரவுண்ட்ஸ் பகுதியில் சாலைகள் நெருக்க, சுமார் 60 ஏக்கரில் 18 குழிகளையும் அடக்கியிருக்கிறது. இங்கே புஜபலத்தைவிடக் குறிக்கே மதிப்பு.

பழைய விமான நிலையத்துக்கு அருகிலுள்ள கர்நாடக கோல்ஃப் சங்கத்தின் மைதானம் விசாலமானது. டோக்கியோ ஒலிம்பிக்கில் 2021-ல் நான்காவதாக வந்த அதிதி அசோக் சிறுமியாக மட்டையைப் பிடித்தது இங்கேதான். ஆனால் அந்த இடம் ஒரு காலத்தில் சல்லகட்டா ஏரி.

2024 மார்ச்சில் ஆழ்குழாய்க் கிணறுகள் வறண்டபோது, தோட்டத்துக்குக் குடிநீர் பாய்ச்சினால் 5,000 ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்தது. பச்சைப் புல்வெளிகள் மீது எல்லோர் கண்ணும் பட்டது.

வழி இல்லாமல் இல்லை. வெப்ப நாட்டு மைதானங்களில் பரப்பப்படும் 'பெர்முடா' புல் வேறொன்றுமல்ல, பிள்ளையாருக்குச் சாத்தும் நம் அருகம்புல் இனம்தான். வறட்சி தாங்கும். சுத்திகரித்த கழிவுநீரிலும் வளரும். தினசரி கவனிப்பு கிரீன்களுக்கே அவசியம். ஃபேர்வே கோடையில் பழுப்பேறினால் பந்து கூடுதல் தூரம் உருளும், அவ்வளவுதான்.

ஆட்டத்துக்கு அது குறையல்ல. ஏரிகளைப் பறிகொடுத்த நகரத்தில் குடிநீரைப் புல்லுக்கு விடுவதுதான் குறை.