பொன்மேகங்களுக்குக் கீழே தோக்கியோ

ஒரு பெரிய பேரங்காடியின் கூரையை அப்படியே தூக்கிவிட்டு மேலிருந்து எட்டிப் பார்த்தால் எப்படி இருக்கும்? தோக்கியோவின் நிஹோன்பாஷி வட்டாரத்தில் உள்ள மிட்சுகோஷி பேரங்காடியை ஜப்பானிய ஓவியர் யாமாகுச்சி அகிரா 2004ஆம் ஆண்டில் அப்படித்தான் வரைந்தார்.

பேனாவும் நீர்வண்ணமும் கொண்டு தாளில் தீட்டிய ஓவியம் அது. மாடிதோறும் மக்கள் கூட்டம். ஆட்கள் எறும்பு போலச் சிறியவர்கள். ஆனால், ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்கிறது. சூட் அணிந்தவர்கள் நடமாடும் இடத்திலேயே குடுமி வைத்த பழங்காலத்து மனிதர்களும் நடமாடுகிறார்கள். 1673ல் ‘எச்சிகோயா’ என்ற துணிக்கடையாகத் தொடங்கிய நிறுவனம் அது. முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அங்கு வந்துபோன வாடிக்கையாளர்கள் எல்லாரும் ஒரே நாளில் கடைக்கு வந்துவிட்டார்களோ என்று எண்ணத் தோன்றும்.

முதலில் சிரிப்பு வருகிறது. பிறகு ஒரு கேள்வி எழுகிறது. ஒரு நகரம் யாருக்குச் சொந்தம்? இன்று அதில் நடமாடுபவர்களுக்கு மட்டும்தானா?

எண்ணெய் வண்ணத்தில் தொடங்கியவர்

1969ல் தோக்கியோவில் பிறந்த யாமாகுச்சி, குன்மா மாநிலத்தின் கிரியூ நகரில் வளர்ந்தார். தோக்கியோ கலைப் பல்கலைக்கழகத்தில் அவர் பயின்றது மரபு ஓவியம் அன்று, மேற்கத்திய பாணி எண்ணெய் வண்ண ஓவியம். 1996ல் முதுகலைப் படிப்பை முடித்தார்.

19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கத்திய ஓவியமுறை ஜப்பானுக்குள் வேகமாக நுழைந்தது. அதுவரை வெறுமனே ‘ஓவியம்’ என்று அறியப்பட்ட உள்ளூர்க் கலைக்கு, ‘ஜப்பானிய ஓவியம்’ என்று பொருள்படும் ‘நிஹோங்கா’ என்ற தனிப்பெயர் தேவைப்பட்டது. அன்று முதல் இரண்டும் இரு வேறு பாதைகளில் சென்றன. ஒன்று நவீனம், மற்றது மரபு என்ற எண்ணமும் வேரூன்றியது.

யாமாகுச்சி அந்தப் பிரிவினையை ஏற்கவில்லை. எண்ணெய் வண்ணத்தையும் கித்தானையும் கையில் வைத்துக்கொண்டே, பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய ஜப்பானிய ஓவியர்களின் பார்வையில் உலகை வரைந்தார். பாதி குதிரை, பாதி மோட்டார்சைக்கிள் எனக் காட்சி தரும் விசித்திர வாகனங்கள் அவருடைய ஓவியங்களில் அடிக்கடி வரும். தம் நாட்டுக் கலை வரலாற்றை ஓர் ஓவியரின் கண்கொண்டு அலசி 2012ல் அவர் எழுதிய நூல், மறு ஆண்டு கொபாயாஷி ஹிதேயோ பரிசைப் பெற்றது.

தூரத்தில் இருப்பவரும் சிறியவர் அல்லர்

அவர் கையாளும் முறை எங்கிருந்து வந்தது என்பதை அறிய, 16ஆம் நூற்றாண்டின் கியோத்தோவிற்குச் செல்ல வேண்டும். அக்காலத்தில் ‘ராக்குச்சு ராக்குகாய்’ எனப்படும் மடிப்புத் திரை ஓவியங்கள் புகழ்பெற்றிருந்தன. தலைநகரின் உள்ளும் புறமும் என்பது அதன் பொருள். ஆறு மடிப்புகள் கொண்ட இரண்டு திரைகளில் நகரம் முழுவதும் விரியும்.

அவற்றுள் மிகவும் போற்றப்படுவது கானோ எய்தொகு என்ற ஓவியர் வரைந்தது. இன்று ஜப்பானின் தேசியப் பொக்கிஷமாக விளங்கும் அந்தத் திரைகளில் ஏறத்தாழ 2,500 பேர் இருக்கிறார்கள். அரண்மனைகளும் கோயில்களும் மட்டுமல்ல, கடைவீதியும் திருவிழாவும் தெருவில் விளையாடும் சிறுவர்களும் அதில் உண்டு.

இந்த ஓவியங்களில் மூன்று உத்திகளைக் கவனிக்கலாம். முதலாவது, பொன்னிற மேகங்கள். நகரை முழுவதும் மூடாமல், ஒரு காட்சியில் இருந்து அடுத்த காட்சிக்கு நம்மை அழைத்துச் செல்பவை அவை. பல மைல் தூரத்தையும் வெவ்வேறு பருவங்களையும் ஒரே திரையில் அடக்க அவையே துணை. இரண்டாவது, கூரையை நீக்கி வீட்டின் உள்ளே காட்டும் வழக்கம். 12ஆம் நூற்றாண்டின் ‘கெஞ்சி’ கதைச் சுருள் ஓவியங்களிலேயே இதைக் காணலாம்.

மூன்றாவதுதான் முக்கியம். மேற்கத்திய முறையில் ஓவியம் ஒரு மனிதரின் கண்ணில் இருந்து தொடங்குகிறது. அவருக்கு அருகில் இருப்பவை பெரியவை, தொலைவில் இருப்பவை சிறியவை. கோடுகள் எல்லாம் ஒரு புள்ளியில் சென்று மறையும். ஜப்பானிய நகர ஓவியத்தில் கோடுகள் இணையாகவே செல்கின்றன. அதனால் திரையின் கீழே நிற்கும் பிரபுவும் மேலே, தொலைவில் கூடை சுமக்கும் பெண்ணும் ஏறக்குறைய ஒரே உயரம்.

யாமாகுச்சி இந்த மூன்றையும் எடுத்துக்கொண்டு ரொப்போங்கியையும் நரித்தா விமான நிலையத்தையும் வரைந்தார். கூட்டம் நிறைந்த நவீன நகரத்திற்கு இந்தப் பழைய முறை கச்சிதமாகப் பொருந்துகிறது. அவருடைய தோக்கியோவில் கதாநாயகன் என்று யாரும் இல்லை. ஓரத்தில் இருப்பவர் ஓரங்கட்டப்படுவதும் இல்லை.

பாலத்தின் மேல் பாலம்

நிஹோன்பாஷி என்பது ஒரு பாலத்தின் பெயரும்கூட. 1603ல் அங்கு முதல் மரப்பாலம் எழுந்தது. ஜப்பானின் சாலைத் தூரங்களைக் கணக்கிடும் தொடக்கப் புள்ளியும் அதுதான். இப்போதுள்ள கல்பாலம் 1911ல் கட்டப்பட்டது. 1964 ஒலிம்பிக் போட்டிகளுக்காக நகரம் அவசரமாக மாற்றப்பட்டபோது, 1963ல் அதன் தலைக்கு மேலேயே விரைவுச்சாலை அமைந்தது. பாலத்தில் நிற்பவருக்கு வானம் மறைந்தது.

அந்தச் சாலையை நிலத்தடிக்குக் கொண்டுசெல்லும் பணி இப்போது நடந்து வருகிறது. 2040 வாக்கில் மேம்பாலம் முழுமையாக அகற்றப்படும் என்பது திட்டம்.

அந்தப் பணி தொடங்கும் முன்பே, 2012ல், யாமாகுச்சி தமது மரச்செதுக்கு அச்சு ஓவியத்தில் வேறொரு தீர்வு சொன்னார். கீழே கல்பாலம், அதன் மேல் விரைவுச்சாலை, அதற்கும் மேலே வில்லாக வளைந்த ஒரு மரப்பாலம். வானத்தை மறைத்த சாலையை அவர் இடிக்கவில்லை. தொலைந்துபோன மரப்பாலத்தை அதற்கும் மேலே ஏற்றி வைத்துவிட்டார்.

இது வெறும் நகைச்சுவை அன்று. பழையது போனது, புதியது வந்தது என்று நகரங்களின் கதையைச் சொல்லிப் பழகிவிட்டோம். ஆனால், ஓர் இடத்தோடு பழகியவர்களின் மனத்தில் பழையது போவதில்லை. இடிக்கப்பட்ட புளோக்கின் கீழ்த்தளம், மூடப்பட்ட ஈரச்சந்தை, பெயர் மாறிய சாலை ஆகியவை நம் பெற்றோரின் பேச்சில் இன்னும் இருக்கின்றன. அந்த நினைவின் வரைபடத்தைத்தான் யாமாகுச்சி தாளில் கொண்டுவருகிறார்.

விளம்பரமா, கலையா?

பேரங்காடி, விமான நிலையம், சொகுசுக் குடியிருப்பு எழும் வட்டாரம் என்று வரைந்தால் அது விளம்பரம் ஆகிவிடாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், கானோ எய்தொகுவின் திரைகளும் அதிகாரத்தின் கைகளில் புழங்கியவையே. போர்த்தலைவர் ஓடா நொபுநாகா அவற்றை 1574ல் உயெசுகி கென்ஷின் என்ற மற்றொரு தலைவருக்குப் பரிசாக அனுப்பினார். அந்தத் தலைவர்களின் ஆட்சி மறைந்தது. திரையில் உள்ள வியாபாரிகளும் குழந்தைகளும் இன்றும் இருக்கிறார்கள்.

கட்டுமானத் தளங்களின் தடுப்புச் சுவர்களில் காணும் வருங்காலக் கட்டடங்களின் படங்களை நினைத்துப் பாருங்கள். கட்டடம் பளபளக்கும். மனிதர்கள் நிழல் போல நடப்பார்கள். யாமாகுச்சியின் ஓவியத்தில் கட்டடம் மேடை மட்டுமே. நம் கண் தேடிப் போவது மனிதர்களை.

எங்கே காணலாம்?

2019ல் ஒளிபரப்பான என்எச்கேயின் ‘இதாதென்’ தொடரின் தொடக்கக் காட்சிகளிலும், தோக்கியோ 2020 உடற்குறையுள்ளோர் ஒலிம்பிக்கின் அதிகாரபூர்வச் சுவரொட்டிகளிலும் யாமாகுச்சியின் கைவண்ணம் இடம்பெற்றது. அவருடைய படைப்புகளைக் காட்சிக்கு வைக்கும் தோக்கியோவின் மிசுமா கலைக்கூடம், 2012ல் சிங்கப்பூரின் கில்மன் பேரக்ஸ் வட்டாரத்திலும் ஒரு கூடத்தைத் திறந்தது.

தோக்கியோவிற்குச் சுற்றுலா செல்லும் குடும்பங்களுக்கு இன்னும் எளிய வழி உண்டு. நிஹோன்பாஷி மெட்ரோ நிலையத்தில் 2021 முதல் அவருடைய பெரிய வண்ணக் கண்ணாடி ஓவியம் இருக்கிறது. பிள்ளைகளை அதன் முன் நிறுத்தி, பழங்காலத்து ஆள் எத்தனை பேர், இக்காலத்து ஆள் எத்தனை பேர் என்று எண்ணச் சொல்லுங்கள். ஓரிரு ரயில்களைத் தவறவிட நேரிடலாம். பரவாயில்லை, அடுத்த ரயில் சில நிமிடங்களில் வந்துவிடும்.