'கொடி'யில் குழந்தை ஏன் தடுமாறுகிறது?

'கெ' என்ற எழுத்தைப் பாருங்கள். கண் முதலில் காண்பது ஒற்றைக்கொம்பை. வாய் முதலில் சொல்ல வேண்டியதோ 'க்' ஒலியை. 'கொ'வில் சிக்கல் இன்னும் கூடுதல். 'ஒ' என்ற ஒரே ஒலிக்கான குறி இரண்டாகப் பிரிந்து ககரத்தின் இருபுறமும் நிற்கிறது. இரண்டாம் வகுப்புக் குழந்தை 'கொடி'யில் திக்கினால் அது சோம்பல் அல்ல. அதற்காக அதட்டுவது அநியாயம்.

பேச்சு, கேட்டுப் பழகியே வந்துவிடும். வாசிப்பு அப்படி வராது. எழுத்து தோன்றிச் சுமார் 5,000 ஆண்டுகளே ஆகின்றன. அதற்கென்று பிறவியிலேயே அமைந்த பகுதி மூளையில் கிடையாது. முகங்களையும் பொருள்களையும் இனங்காணும் பகுதியின் ஓரிடம்தான் பயிற்சியால் எழுத்துக்குப் பழகி, பேச்சைக் கையாளும் பகுதிகளோடு இணைகிறது.

இதில் கைக்கும் பங்குண்டு. வாசிக்கத் தெரியாத அமெரிக்கக் குழந்தைகளை ஆய்வாளர் கரின் ஜேம்ஸ் மூளை ஸ்கேன் மூலம் ஆராய்ந்து 2012இல் முடிவுகளை வெளியிட்டார். தட்டச்சில் பழகிய எழுத்துகளைவிட, தாங்களே கையால் எழுதிப் பழகியவற்றைப் பார்த்தபோது வாசிப்புக்கான பகுதிகள் கூடுதலாக இயங்கின.

ஆகவே சிலேட்டை எடுங்கள். குழந்தை 'க' எழுதிச் சொல்லட்டும். கொம்பு சேர்த்து 'கெ', காலும் சேர்த்து 'கொ'. எழுதும்போதே ஒலிக்க வேண்டும், அதுதான் முக்கியம். பத்து நிமிடம் போதும்.

பிறகு கதை வாசித்துக் காட்டுங்கள். 'கடல்', 'பகல்' இரண்டிலும் ஒரே ககரம்தான், ஒலி வேறு. எந்த ஒலி என்று பிடிபட, அந்தச் சொல் முன்பே காதில் விழுந்திருக்க வேண்டும். சிலேட்டுக்கு நேரமில்லாத நாளிலும் கதையை விட்டுவிடாதீர்கள்.