அஜந்தாவைப் பெயர்த்தெழுதிய கைகள்

தொல்பொருட் காட்சிச்சாலைக்குச் செல்வோர் சுவரில் மாட்டிய சித்திரத்திலுள்ள பொருளைப் பார்த்துவிட்டு அப்பால் நடந்துவிடுகின்றனர். அதனை வரைந்தவன் யார், கண்டதை மாத்திரம் வரைந்தானா, காணாததையும் கூட்டினானா என்று வினவுவாரில்லை. இவ்வினா அற்பமானதன்று என்பதற்கு அஜந்தாக் குகைகளின் வரலாறே சாட்சியாகும்.

1819-ல் சென்னை ராணுவத்தைச் சேர்ந்த ஜான் ஸ்மித் என்பார் வேட்டைக்குப் போனவிடத்தில் அக்குகைகளைக் கண்டார். பத்தாம் குகையில் சித்திரத்தின் மீதே தமது பெயரைக் கீறிவிட்டும் போனார். கண்டுபிடித்தவர் செய்த முதற் கைங்கரியம் அது! 1844-ல் அதே ராணுவத்தின் ராபர்ட் கில் நகலெடுக்க நியமனம் பெற்று, ஏறக்குறைய இருபது வருஷம் உழைத்தார். அந்நகல்கள் லண்டன் ஸிடன்ஹாமிலிருந்த பளிங்கு மாளிகையில் காட்சிக்கு வைக்கப்பெற்று, 1866-ல் நேர்ந்த தீயில் சிலவொழிய யாவும் எரிந்துபோயின.

பின்னர், 1872-ல் பம்பாய்ச் சித்திரப் பாடசாலையின் ஜான் கிரிஃபித்ஸ் தம் மாணவர்களுடன் மீண்டும் அவ்வேலையைத் தொடங்கினார். பெஸ்தன்ஜி போமன்ஜி முதலிய நம் நாட்டு இளைஞர்களே அங்கே தூரிகை பிடித்தவர்கள். வெளிச்சம் எட்டாத குகையில், குளிர்காலந்தோறும் சென்று தங்கி, 1885 வரை சுமார் 300 சித்திரங்கள் தீட்டினர். அவர்கள் வேலையில் நாம் பெரிதும் மதிப்பது ஒன்றுண்டு. சாந்து உதிர்ந்த இடத்தை உதிர்ந்த இடமாகவே காட்டினார்கள். பாதி அழிந்த முகத்திற்குத் தம் கற்பனையால் மறுபாதி தீட்டிவிடுவது எளிது. பார்ப்பவருக்கும் அதுவே இன்பம். ஆயின் அப்படிச் செய்த கணத்தில் அது சான்றாயிராது, அலங்காரமாகிவிடும்.

குறையும் சொல்லவேண்டும். நிறம் துலங்குவதற்கென்று மூலச் சுவரின் மீதே வார்னிஷ் பூசினர். அது நாளடைவில் மஞ்சளித்துக் கறுத்தது. நகல் நன்றாக அமையவேண்டுமென்று மூலத்திற்கே ஊறு விளைவித்ததை எவ்விதம் நியாயப்படுத்துவது? இந்த நகல்களிலும் பல, 1885-ல் லண்டன் சௌத் கென்ஸிங்டனில் தீக்கிரையாயின. எஞ்சியவை அங்கே விக்டோரியா ஆல்பர்ட் காட்சிச்சாலையில் உள்ளன. 1896-ல் வெளிவந்த பெரும் புத்தகத்தின் முகப்பில் ஆசிரியராக நிற்பது கிரிஃபித்ஸின் பெயர் ஒன்றே.

1909 முதல் 1911 வரை ஹெரிங்ஹாம் சீமாட்டி எடுத்த நகல்களுக்கு நந்தலால் போஸ், அசித்குமார் ஹல்தார், மைசூர் வெங்கடப்பா ஆகியோர் துணைநின்றனர். 1938-ல் ஹரிபுராக் காங்கிரசின் பந்தலை அலங்கரித்த நந்தலாலின் சித்திரங்களைப் புகழ்வோர், அக்கை அஜந்தாச் சுவரின் முன் பழகிய கை என்பதை நினைவுகூர்வது நலம்.

இன்று புகைப்படம் இருக்கிறதே, சித்திரம் எதற்கு என்பார் உளர். உடைந்த பானையின் ஓட்டை வைத்துக்கொண்டு முழுப் பானையின் வடிவையும், சுவரின் கனத்தையும் ஒருங்கே காட்டப் புகைப்படத்தால் இயலாது. அதற்கு அளவெடுத்து வரையும் கை வேண்டும். அக்கை, கிடைத்த பகுதியை முழுக்கோட்டாலும் ஊகித்த பகுதியைப் புள்ளிக்கோட்டாலும் பிரித்துக் காட்டும். காட்சிக்காக அதே சித்திரத்தைப் பெரிதாக்கி வர்ணம் தீட்டும்போதுதான் புள்ளிக்கோடு மறைந்துபோகிறது. அதனை மறையாமல் வைத்து, வரைந்தவரின் பெயரையும் கீழே பொறிப்பதற்கு நம் காட்சிச்சாலை அதிகாரிகளுக்குச் செலவு ஒன்றும் அதிகமாகாது.