திசு வால்வு இளைஞர்களிடம் ஏன் சீக்கிரம் கெடுகிறது?

கொல்கத்தாவில் பி.ஜி. என்று எல்லோரும் சொல்லும் எஸ்.எஸ்.கே.எம். அரசு மருத்துவமனைக்கும், முகுந்தபூரிலுள்ள ரவீந்திரநாத் தாகூர் இதய மருத்துவமனைக்கும் வங்கத்திலிருந்து மட்டுமல்ல, பீகார், ஜார்க்கண்டிலிருந்தும் இதய வால்வு பழுதானவர்கள் வருகிறார்கள். மேலை நாடுகளில் வால்வு மாற்றிக்கொள்பவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். நம் நாட்டிலோ, சிறுவயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இருபது, முப்பது வயதிலேயே மிட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்கள் ஏராளம். விலங்குத் திசுவால் செய்யும் திசு வால்வு பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைக்கும் என்பது பெரும்பாலும் முதியவர்களை வைத்துப் போட்ட கணக்கு. அதை நம்பி இளைஞர்களுக்கு முடிவெடுப்பது தவறு.

பன்றியின் வால்வையோ மாட்டின் இதய உறையையோ குளூட்டரால்டிஹைடு கரைசலில் பதப்படுத்தித்தான் திசு வால்வு செய்கிறார்கள். பாரிஸின் அலேன் கார்பென்டியே 1960களின் இறுதியில் கொண்டுவந்த முறை இது. தோல் பதனிடும் தொழிலிலும் இதே ரசாயனம் உண்டு. இதனால் திசு அழுகாது, வலுவாகும். ஆனால் அதிலுள்ள செல்கள் இறந்துவிடும். உயிருள்ள செல் தனக்குள் நுழையும் கால்சியத்தை ஓயாமல் வெளியேற்றும். இறந்த செல்லால் அது முடியாது. ரத்தத்திலிருந்து கசியும் கால்சியம், செல் சவ்வில் மிஞ்சியுள்ள பாஸ்பரஸோடு சேர்ந்து படிகமாகிறது. திசுவில் எஞ்சிய ஆல்டிஹைடும் கால்சியத்தை இழுக்கிறது. போதாக்குறைக்கு, பன்றியிலும் மாட்டிலும் உள்ள ஆல்ஃபா-கால் என்ற சர்க்கரைக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் நம் ரத்தத்தில் எப்போதும் இருந்து, அந்தத் திசுவைத் தாக்குகின்றன. இப்படி இறுகிப்போன வால்வு இதழ் நாளொன்றுக்குச் சுமார் ஒரு லட்சம் முறை திறந்து மூடும்போது, சட்டத்தோடு தைத்த ஓரத்தில் கிழிகிறது. மூடியிருக்கும் மிட்ரல் வால்வின் மீது இதயத்தின் முழு அழுத்தமும் விழுவதால், அயோர்ட்டா வால்வைவிட அது முன்னதாகக் கெடுகிறது. இளையவர்களின் எதிர்ப்புச் சக்தியும் கால்சியப் புழக்கமும் தீவிரமானவை. சிறுவர்களுக்குச் சில ஆண்டுகளிலேயே வால்வு கல்லாகிவிடுவதுண்டு.

இதற்கு மாற்றான, நீண்ட நாள் உழைக்கும் உலோக வால்வு வைத்தால் ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிட வேண்டும், ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். பரிசோதனை அடிக்கடி வேண்டும், சுந்தரவனத் தீவில் வாழும் ஒருவர் அதற்கு எங்கே போவார்? கருவுற்றால் அந்த மருந்து குழந்தையைப் பாதிக்குமே? இந்தக் கேள்விகளில் நியாயம் இருக்கிறது. குழந்தை பெற விரும்பும் பெண் திசு வால்வைத் தேர்ந்தெடுத்தால் குறைசொல்ல முடியாது. ஆனால் மற்றவர்களுக்கு, பரிசோதனை வசதி இல்லாத குறையை வால்வை மாற்றி ஈடுகட்டுவது சரியான வழி அல்ல. விரல்நுனி ரத்தத்திலேயே ஐ.என்.ஆர். பார்க்கும் கருவியை ஊர்ச் சுகாதார நிலையத்தில் வைக்க முடியும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம் உருவாக்கி 1990இல் முதன்முதலாகப் பொருத்திய சித்ரா உலோக வால்வு, இறக்குமதி வால்வுகளைவிட மலிவு. கெட்ட திசு வால்வுக்குள் இன்னொன்றைக் குழாய் வழியே வைக்கலாமே என்பார்கள். வைக்கலாம், ஆனால் செலவு பல லட்சம். உள்ளே ஒன்று ஏறும்போதெல்லாம் ரத்தம் போகும் வழி குறுகுவதால், முப்பது வயதுக்காரருக்கு அதை எத்தனை முறை செய்ய முடியும்?

ஆகவே திசு வால்வுக்குச் சம்மதிக்கும் முன், இது கெட்டால் அடுத்து என்ன செய்வீர்கள் என்று மருத்துவரிடம் கேளுங்கள். ஏற்கெனவே பொருத்திக்கொண்டவர்கள், மூச்சு வாங்கும்வரை காத்திருக்காமல் ஆண்டுக்கு ஒருமுறை எக்கோ என்ற இதய ஸ்கேன் எடுத்துக்கொள்ளுங்கள்.