ஒன்பது மணி நேரமும் ஒரு நகரமும்

உறையூருக்குக் கடல் கடந்த உறவு புதிதன்று. ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட 'பெரிப்ளூஸ்' என்னும் கடல் வணிகக் கையேடு, 'அர்காரு' என்ற ஊரின் மெல்லிய துணியைக் குறிப்பிடுகிறது. அவ்வூர் உறையூரே என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. அன்று நம் ஊர்த் துணி கடல் கடந்தது; இன்று நம் பிள்ளைகள் கடக்கிறார்கள். மகளின் பிரசவத்திற்காகவும், பேரப்பிள்ளைகளைக் காண்பதற்காகவும் பெற்றோரும் பின்தொடர்கிறார்கள்.

திருச்சியிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கோ இந்தோனேசியாவுக்கோ செல்வோரில் பலர் கோலாலம்பூரில் விமானம் மாறுகின்றனர். அங்கே எட்டு மணி, பத்து மணி, சில வேளைகளில் பதினைந்து மணி நேரம் காத்திருக்க நேர்கிறது. நாற்காலியில் தலை சாய்த்து அந்நேரத்தைக் கழித்துவிட்டு, "மலேசியா வழியாகத்தான் போனோம், ஒன்றும் பார்க்கவில்லை" என்று ஊர் திரும்பிச் சொல்வோர் எத்தனை பேர்! சிறிது முன்யோசனை இருந்தால், பெருஞ்செலவின்றி அந்நகரைக் கண்டு வரலாம்.

முதலில் அனுமதியைப் பற்றி அறிந்துகொள்ளுங்கள். 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்கள் விசா இன்றி 30 நாள் வரை மலேசியாவில் தங்க அந்நாட்டு அரசு இசைவளித்தது. இச்சலுகை 2026 டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. எனினும் புறப்படுமுன் அன்றைய நிலையை விசாரித்துக்கொள்வது அவசியம். வருகைப் படிவத்தைப் பயணத்திற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும். அரசின் படிவத்திற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்பவரிடம் ஏமாறாதீர்கள்.

அடுத்தது நேரக் கணக்கு. இதில் பிசகினால் விமானமும் போகும், டிக்கெட் பணமும் போகும். குடிநுழைவுச் சோதனைக்கு ஒரு மணி. பேருந்தில் நகரை அடைய ஒரு மணி. திரும்பவும் ஒரு மணி. அடுத்த விமானத்திற்கு மூன்று மணி முன்னதாக நிலையத்தில் இருத்தல். ஆக ஆறு மணி நேரம் இவற்றிற்கே செலவாகும். ஒன்பது மணி கையிலிருந்தால் நகரில் மூன்று மணி கிடைக்கும். ஏழு மணிக்கும் குறைவென்றால் வெளியே செல்லும் எண்ணத்தையே விட்டுவிடுங்கள். மலேசிய நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி முந்தியது; இறங்கியவுடன் கடிகாரத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். இரு பயணங்களுக்கும் தனித்தனி டிக்கெட் எடுத்திருந்தால், பெட்டிகளை நீங்களே எடுத்து மீண்டும் ஒப்படைக்க நேரிடும். இரண்டு முனையங்களில் எதிலிருந்து அடுத்த விமானம் புறப்படுகிறது என்பதையும் முன்பே குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

நகருக்குச் செல்ல விரைவு ரயில் உண்டு. அரை மணியில் கொண்டு சேர்க்கும். ஆனால் ஒருவழிக் கட்டணமே 55 ரிங்கிட். பேருந்துக் கட்டணம் ஏறக்குறைய அதில் மூன்றில் ஒரு பங்குதான். நால்வர் கொண்ட குடும்பத்திற்கு இந்த வேறுபாடு சிறிதன்று. இரண்டும் 'கே.எல். சென்ட்ரல்' நிலையத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து கோம்பாக் நோக்கிச் செல்லும் நகர ரயிலில் ஏறினால் இரண்டாவது நிறுத்தம் 'மஸ்ஜித் ஜாமிக்'.

கிள்ளான், கோம்பாக் ஆகிய இரு ஆறுகள் கூடும் இடத்தில், 1909-ல் திறக்கப்பட்ட அந்தப் பள்ளிவாசல் நிற்கிறது. ஹப்பாக் என்ற ஆங்கிலக் கட்டடக் கலைஞர் வட இந்திய முகலாயப் பாணியைத் தழுவி அமைத்தது. 1965-ல் தேசியப் பள்ளிவாசல் எழும்வரை நகரின் தலைமைப் பள்ளி இதுவே. சிறிது தொலைவில் 'மெர்டேகா' சதுக்கம் உள்ளது. 1957 ஆகஸ்டில் பிரிட்டிஷ் கொடி இறங்கி மலாயாவின் கொடி ஏறிய இடம் அது.

அங்கிருந்து நடக்கும் தூரத்தில் உள்ளது மஸ்ஜித் இந்தியா. இந்திய முஸ்லிம்கள் 1863-ல் மரத்தால் எழுப்பிய பள்ளி. இன்றைய கட்டடம் 1960-களைச் சேர்ந்தது. பள்ளியின் பெயரே தெருவுக்கும் பெயராயிற்று. தமிழில் மார்க்கச் சொற்பொழிவு ஒலிக்கும் பள்ளி இது. கப்பலேறி வந்து, ஒட்டுக்கடையில் நின்று, உண்ணாமல் மிச்சம் பிடித்து ஊருக்குப் பணம் அனுப்பிய நம் முன்னோர்களின் வியர்வையை இங்கேதான் உணர முடிகிறது. பிள்ளைகளை அழைத்துச் சென்றால் இதை எடுத்துச் சொல்லுங்கள். வானளாவிய கட்டடங்களைவிட இந்தப் பாடமே அவர்களுக்குப் பெரிது.

உணவைப் பற்றிக் கவலை வேண்டா. தமிழ் முஸ்லிம்கள் நடத்தும் 'மாமாக்' கடைகளில் நாசி கண்டாரும், ரொட்டி சானாயும், இழுத்து ஆற்றிய தேநீரும் குறைந்த விலையில் கிடைக்கும். பல கடைகளில் தமிழிலேயே கேட்டு வாங்கலாம்.

நேரம் மிஞ்சினால் அதே ரயிலில் மேலும் மூன்று நிறுத்தம் சென்று, 452 மீட்டர் உயர இரட்டைக் கோபுரங்களைக் காணலாம். இஸ்லாமியக் கலையின் எண்கோண விண்மீன் வடிவைத் தழுவியது அவற்றின் தளம். மேலே ஏறத்தான் கட்டணம். கீழேயுள்ள பூங்காவில் அமர்ந்து பார்ப்பதற்கு இல்லை. பூங்காவிலேயே அஷ்-ஷாகிரீன் பள்ளிவாசலும் இருக்கிறது. பயணிக்குத் தொழுகையைச் சுருக்கிக்கொள்ளும் சலுகை உண்டு. சேர்த்துத் தொழுவதில் மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு இருப்பதால், புறப்படுமுன் உங்கள் ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

இறுதியாக ஓர் எச்சரிக்கை. "இந்தச் சிறு பொட்டலத்தைத் திருச்சியில் கொடுத்துவிடுங்கள், ஆள் வந்து வாங்கிக்கொள்வார்" என்று அன்பொழுகப் பேசுவோர் உண்டு. 'குருவி' என்று நம் ஊரில் வழங்கும் சொல்லின் பொருள் உங்களுக்குத் தெரியும். உள்ளே தங்கம் இருந்தால் சுங்கச் சோதனையில் சிக்குவது நீங்கள். போதைப்பொருள் இருந்தாலோ மலேசியச் சட்டம் மிகக் கடுமையானது, உயிருக்கே ஆபத்து. உறவினர் என்று சொன்னாலும், ஊர்க்காரர் என்று சொன்னாலும் பிறர் பொட்டலத்தைத் தொடாதீர்கள். "முடியாது" என்று சொல்ல வெட்கப்பட வேண்டா.

பூமியில் பயணம் செய்து பாருங்கள் என்று திருமறை பலமுறை நம்மை அழைக்கிறது. அதற்குப் பெரும் செல்வம் வேண்டுமென்பதில்லை. வீணாகக் கழியவிருந்த மூன்று மணி நேரமும் போதும். இன்ஷா அல்லாஹ், உங்கள் அடுத்த பிரயாணம் நலமாகவும் பயனுள்ளதாகவும் அமையட்டும்.